திதி தெரியாத தம்பிமார்

விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் அது எரியும். இது எனக்கு நடக்கத் தொடங்கிய வயதிலிருந்தே தெரிந்த சங்கதி. அதே எண்ணெயை ஊற்றி, ரொறன்ரோவின் பாத்தர்ஸ்ட் வீதியில் ஓர் அடுக்குமாடி வீட்டுக் குசினியில், நான் ஒரு விளக்கை அணைத்தேன். சும்மா விளக்கும் அல்ல. செத்துப்போன ஒரு சின்னப் பையனுக்கு அவனுடைய அக்கா ஏற்றிவைத்த விளக்கு.

அந்த அக்காவுக்கு அப்போதே தொண்ணூறு வயது நெருங்கியிருந்தது. நான் அவரைப் பராமரிக்கப் போனவள். ஸ்காபரோவில் என் வயதுப் பெண்களுக்குக் கிடைத்த வேலைகள் தெரிந்தவைதானே: தொழிற்சாலை, கோப்பிக் கடை, இல்லாவிட்டால் இது. முதல் இரண்டும் என் முழங்காலைத் தின்று முடித்த பிறகு இதற்கு வந்தேன். மாலை வகுப்புக்குப் போய் ஒரு சேர்டிபிக்கற் எடுத்து, ஓர் ஏஜென்சியில் பதிந்து, அவர்கள் அனுப்பிய வீட்டுக்கு பஸ் மாறி பஸ் மாறிப் போனேன். கதவைத் திறந்தவர் என்னைவிடக் கட்டை. தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார்.

"பிந்திப் போனாய்" என்றார். அதுதான் முதல் வார்த்தை.

"பஸ் பிந்திப் போச்சுது."

"பஸ்ஸை நான் வேலைக்கு எடுக்கேல்லை."

எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. வாய்க்காரிக்கு வாய்க்காரியை அடையாளம் தெரியும்.

நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான். அவருடைய ஆங்கிலத்துக்குள் போலந்து இருந்தது, என்னுடையதுக்குள் யாழ்ப்பாணம் இருந்தது. ஆனால் என் காதுக்குள் அவர் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் பேசினார், ஆகையால் அப்படியே எழுதுகிறேன். முதலில் மிஸிஸ் போட்டுக் கூப்பிட்டேன். உங்கள் ஆட்கள் வயதுபோன பெண்ணை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒருநாள் கேட்டார். இந்த ரொறன்ரோவில் எங்களுக்கு யாரைக் கண்டாலும் அன்ரிதான் என்றேன். "அப்ப நானும் அன்ரி" என்றார்.

வீட்டில் அம்மா விசாரித்தார். அம்மாவும் நானும் மார்க்கம் வீதிப் பக்கம் ஓர் அப்பாட்மென்ரில் இருக்கிறோம். எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

"ஆர் ஆக்கள்? வெள்ளைக்காரரோ?"

"யூதர், அம்மா."

"பைபிளில வாற ஆக்களெல்லே? அவையள் இன்னும் இருக்கினமோ?"

"மிச்சம் இருக்கினம்" என்றேன். அம்மா அதை ஒரு முழுப் பதிலாக எடுத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

அன்ரியின் குசினியில் எல்லாம் இரண்டு. பாலுக்கு ஒரு சட்டி, இறைச்சிக்கு ஒரு சட்டி. கரண்டியும் அப்படி, கரண்டி வைக்கும் லாச்சியும் அப்படி. ஒன்றோடொன்று படக்கூடாது. ஏஜென்சியில் இதைச் சொல்லி என்னைப் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். எனக்கு அது ஒரு புதினமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் மச்சச் சட்டியில் ஒருநாளும் விரதச் சோறு வேகாது. முதல் நாளே பிழை விடாமல் கழுவி அடுக்கி வைத்ததைப் பார்த்து, இவள் நம்மவளோ என்பதுபோல் அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு முன்பு வந்தவள் பால் கரண்டியால் கோழிச் சூப்பைக் கிளறியவளாம். அந்தக் கதையை அவர் கொலைக் கேஸ் சொல்வதுபோல் சொல்வார்.

நான் வந்த முதல் மாரிகாலம் அது, வெளியே பனி கொட்டும் காலம். ஒரு காலை போனபோது அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பீங்கானில், சின்னக் கண்ணாடிக் கிளாஸ் ஒன்றுக்குள் மெழுகு எரிந்துகொண்டிருந்தது. அன்ரி படுத்திருந்தார். நல்ல பகலில் ஒரு வீட்டில் தனியே ஒரு விளக்கு எரிந்தால் அது எதற்கென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னேரம் போலப் பார்த்தால், மெழுகு அடிக்குப் போய்ச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் வீடுகளில் செத்தவரின் படத்துக்கு முன்னால் வைக்கும் விளக்கை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை அணையவிட மாட்டோம். அதைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் இருக்கும். அப்பா செத்தபோது அந்த ஆள் நான்தான். கை தன்பாட்டில் போய் எண்ணெய்ப் போத்தலை எடுத்தது. எண்ணெய் பாலுக்கும் இறைச்சிக்கும் பொது என்பதை யோசித்தது மட்டும் நினைவிருக்கிறது. மெழுகுக்கும் எண்ணெய்க்கும் ஒத்துவராது என்பதை யோசிக்கவில்லை. ஊற்றினேன். திரி எண்ணெய்க்குள் அமிழ்ந்து போனது. சின்னதாக ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

திரும்பினால் வாசலில் அன்ரி, வோக்கரைப் பிடித்தபடி நின்றார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவர் வந்து கதிரையில் இருந்துகொண்டு கிளாசைப் பார்த்தார்.

"ஏன் எண்ணெய் ஊத்தினனீ?"

"அணையப் போச்சுது அன்ரி. எங்கட ஆக்கள் செத்தவைக்கு வைக்கிற விளக்கை அணைய விடமாட்டினம்."

"எங்கட ஆக்கள் அதை அதுபாட்டில விட்டிடுவினம். ஒரு இரவும் ஒரு பகலும்தான் கணக்கு. முடிஞ்சால் தானாய் நிக்கவேணும்." கிளாசை எடுத்து ஆட்டிப் பார்த்தார். எண்ணெய் மேலே, மெழுகு கீழே. "இவ்வளவு வருசத்தில, அவன் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் எண்டு நினைச்சது நீ ஒருத்திதான்."

"ஆர் அன்ரி?"

"என்ர தம்பி."

அலுமாரியிலிருந்து இன்னொரு மெழுகுக் கிளாசை எடுக்கச் சொன்னார். நெருப்புப் பெட்டியை என் கையில் தந்தார். நான்தான் ஏற்றினேன்.

அடுத்த நாள் அந்தக் கிளாசைச் சுடுதண்ணீரில் போட்டு, ஒட்டிய மெழுகை வழித்து, நன்றாகத் துடைத்து, அலுமாரியில் அதேபோன்ற கிளாஸ்களின் வரிசையில் கொண்டுபோய் வைத்தார். நான் வாய் பிளந்து நின்றேன். வந்த நாளிலிருந்து எனக்கு அவர் தேத்தண்ணி தருவது அந்தக் கிளாஸ்களில்தான்.

"அன்ரி! செத்தவற்ற விளக்குக் கிளாசிலயோ எனக்குத் தேத்தண்ணி தந்தனீங்கள்?"

"நல்ல தடிச்ச கிளாஸ். எறியச் சொல்லுறியோ?"

செத்தவீட்டுச் சாமானில் வாய் வைப்பது எங்களுக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். அன்றைக்கு ஒன்றும் குடிக்காமல் வீட்டுக்குப் போனேன். இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுபோனேன். பிறகு ஒருநாள் குளிரில் விறைத்துப் போய் வந்து, அதே அலுமாரியைத் திறந்து, அதே கிளாசை நானே எடுத்தேன். அன்ரி பார்த்துவிட்டுக் கேத்திலை அடுப்பில் வைத்தார்.

தம்பியின் கதையை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. கால் கழுவும்போது கொஞ்சம், நகம் வெட்டும்போது கொஞ்சம் என்று வந்தது. போலந்தில் ஒரு சின்ன நகரம். தகப்பனுக்குச் சப்பாத்துக் கடை. ஜேர்மன்காரர் வந்த பிறகு சுவரில் கட்டளைகளை ஒட்டத் தொடங்கினார்கள். யூதர் கையில் பட்டி கட்டவேண்டும். யூதப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக்கூடாது. யூதர் நடைபாதையில் நடக்கக்கூடாது, தெருவில் இறங்கித்தான் நடக்கவேண்டும். கடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டளையையும் வாசித்துவிட்டு வந்து, "இதோட விட்டிடுவாங்கள்" என்று தாய் சொல்வாராம். பிறகு எல்லாரையும் நகரத்தின் ஒரு மூலைக்குள் தள்ளி வேலி அடைத்தார்கள். தகப்பனை வேலைக்கென்று லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பவில்லை.

முன்பு வீட்டுக்குப் பால் கொண்டுவந்து தந்த ஒரு கமக்காரப் பெண் ஒரு பிள்ளையை எடுத்து ஒளித்துவைக்கச் சம்மதித்தாள். பெண் பிள்ளையை மட்டும். யூதர் தங்கள் ஆண் குழந்தைகளுக்கு எட்டாம் நாளே சுன்னத்துச் செய்துவிடுவார்கள். ஒருவன் வந்து களுசானைக் கழற்று என்றால் முடிந்தது கதை. நாலு வயதுப் பிள்ளையின் களுசானைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவனைச் சாகடிக்க ஓர் அரசாங்கம், அதற்கு அலுவலகம், அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள். அன்ரி இதைச் சொன்னபோது நான் கோழி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பல்கனியில் போய் நின்றேன்.

போகும்போது தம்பி அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டு, எப்ப வருவாய் என்று கேட்டானாம். "பின்னேரம் வாறன்" என்று இவர் சொன்னார். அப்போது இவருக்கு ஒன்பது வயது. அப்படிச் சொல்லும்படி தாய் சொல்லிக் கொடுத்தாரா, தானாகவே சொன்னாரா என்பது நினைவில்லை. அவர் மாட்டுக் கொட்டிலின் பலகைக்கு அடியில் ஒளிந்திருந்த காலத்தில், வேலிக்குள் இருந்தவர்களை எல்லாம் ரயிலில் ஏற்றினார்கள். தாய்மாரையும் சின்னப் பிள்ளைகளையும் போய் இறங்கிய அன்றைக்கே கொன்றுவிட்டார்கள் என்பதைப் போர் முடிந்த பிறகுதான் அறிந்தார். எந்த நாள் என்று கேட்பதற்கு அந்த ரயிலில் போன யாரும் மிஞ்சவில்லை. தம்பியின் படம் ஒன்றும் இல்லை.

"அவன்ர முகம் தெரிஞ்ச ஆள் இப்ப உலகத்தில நான் ஒருத்தி" என்றார். "அதுவும் வடிவாய்த் தெரியேல்லை. காது தெரியும். காது ரெண்டும் கொஞ்சம் வெளிய நிக்கும்."

இறந்த நாள் தெரியாதவர்களுக்கென்று மாரிகாலத்து நோன்பு நாள் ஒன்றை அவர்களுடைய குருமார் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாளில்தான் அன்ரி தம்பிக்கு ஏற்றுவார். அன்ரியின் தாய் தகப்பனுக்கு வன்கூவரில் இருக்கும் அன்ரியின் மகன் ஏற்றுவார், பேரன் முறை. காணாத மாமனுக்கு ஏற்று என்று அவரைக் கேட்க அன்ரிக்கு விருப்பமில்லை.

இந்த நாள் கதையைச் சொல்லிவிட்டு, "நீ ஆருக்கு ஏத்தினனீ?" என்று கேட்டார்.

"அப்பாவுக்கு."

"வேற?"

வேறு யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். ஆனால் நான் அழத் தொடங்கிவிட்டேன். எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான். அப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வது. ஊரில் எங்கள் போர் முடிந்த அந்த மே மாதத்தில், வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு வந்த சனத்துக்குள் அவனும் வந்தான். பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று சொல்லி ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றினார்கள். அம்மா அந்த பஸ் போனதைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளால் அவன் கை காட்டினானாம். அதற்குப் பிறகு ஒரு சங்கதியும் இல்லை. நான் அப்போது கனடாவில் டெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அம்மாவை இங்கே கூப்பிட்டெடுத்த பிறகு, தெரிந்த ஐயர் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். திதி தெரியாதவர்களுக்கு மாளய அமாவாசையில் செய்யலாம், ஆத்மா அலையக்கூடாது என்றார். அம்மா அர்ச்சனைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். "உயிரோட இருக்கிற பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கச் சொல்லுறியளோ?" என்று கோயில் முழுக்கக் கேட்கக் கத்தினார். பிறகு அந்தக் கோயிலுக்கே நாங்கள் போகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அவனுக்கு ஒரு சேட் வாங்குவார். முதலில் மீடியம் வாங்கினார். இப்போது எக்ஸ்றா லார்ஜ். இந்த வயதில் அவனுக்கு வயிறு வைத்திருக்கும் என்பது அம்மாவின் கணக்கு. நான் அதை அயன் பண்ணி மடித்து வைப்பேன்.

அன்ரி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கதையும் இந்தக் கதையும் ஒன்று என்றும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் பிளாசாவில் நின்று, அவையளுக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடந்தது, இல்லை அது வேறு இது வேறு என்று தராசைத் தூக்கிக்கொண்டு வாதாடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே ஆகாது. பிணத்தை நிறுக்கிறதுக்கு என்ன படி வைப்பார்களோ தெரியாது. அன்ரி கேட்டது ஒன்றுதான்.

"உன்ர கொம்மா செய்யிறது பிழை எண்டு நினைக்கிறியோ?"

"தெரியாது அன்ரி."

"எனக்கு ஆரும் வந்து உறுதியாய்ச் சொல்லியிருக்காட்டி நானும் சேட் வாங்கிக்கொண்டுதான் இருந்திருப்பன்" என்றார்.

அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்த நாளில் நாங்கள் இருவரும் சேர்ந்தே ஏற்றினோம். ஒருமுறை ஏற்றி முடிந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு மறந்து போனாலும் நீ ஏத்து."

"உங்களுக்கோ மறக்கிறது? நான் முதல் நாள் பிந்தி வந்ததை இன்னும் மறக்கேல்லை."

"பகிடி விடாதை. ஓம் எண்டு சொல்லு."

"ஓம் அன்ரி."

மறதி வந்தது பால் கரண்டியில். ஒரு காலை இறைச்சி லாச்சியைத் திறந்தால் அதற்குள் பால் கரண்டி கிடக்கிறது. வேறு யாருக்கும் அது ஒரு கரண்டிதான். அவருக்குத் தெரியாமல் எடுத்து உரிய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அது அடிக்கடி நடந்தது. டொக்டர் பேர் வைத்துச் சொன்னது எவ்வளவோ நாள் கழித்து. பிறகு ஆங்கிலம் கழன்று போகத் தொடங்கியது. பாதி வசனம் தாய்ப்பாஷையில் வரும், என்னைப் பார்த்து, நான் விளங்காமல் நிற்க, கோபிப்பார்.

பிறகு தம்பி வந்தான். பின்னேரமானால் அன்ரி கோட்டைப் போட்டுக்கொண்டு கதவடியில் நிற்பார். தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான், பின்னேரம் வருகிறேன் என்று சொன்னேன், போகவேண்டும் என்பார். மாலை வகுப்பில் படித்த எல்லாவற்றையும் மறந்துவிட்டேன், ஒன்றை மட்டும் மறக்கவில்லை: மறதி வந்தவரோடு வாதாடக்கூடாது. செத்துப் போய்விட்டார் என்று ஒருமுறை சொன்னால் அந்தச் சாவை அவர் அன்றுதான் முதன்முதல் கேட்கிறார். நாளைக்கு மறுபடியும் கேட்பார். அதனால் நான், "வெளிய சரியாய்ச் சினோ கொட்டுது, அன்ரி. கொஞ்சம் விடட்டும்" என்பேன். கோப்பி ஊற்றிக் கொடுத்து, கால் பிடித்துவிட்டு, கோட்டைக் கழற்றுவேன். வாழ்நாளில் நான் யாரோடும் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் மாட்டியிருந்த அவர்களுடைய கலண்டரில் அந்த நாள் வந்துகொண்டிருந்தது. மகனுக்கு வன்கூவருக்குப் போன் எடுத்தேன்.

"வேண்டாம்" என்றார். "அம்மாவுக்கே ஞாபகம் இல்லை. ஏன் அவவைக் குழப்புவான்?"

"ஏத்திறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்? அப்ப இருந்த அம்மாவுக்கு. இப்ப இருக்கிறவவுக்குத் தம்பி உயிரோட இருக்கிறான்." அவர் அழுவது எனக்குக் கேட்டது. நல்ல பிள்ளைதான். "உங்களுக்குச் சரியெண்டு பட்டதைச் செய்யுங்கோ" என்று வைத்துவிட்டார்.

எனக்கு எது சரியென்று படவேயில்லை. ஏற்றாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் ஒரு வெளிச்சமும் இல்லை. காது வெளியே நிற்கும் அந்த முகத்தை நினைக்க ஆளில்லை. ஏற்றினால், இவரிடம் நான் என்ன சொல்வது? பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதுதான் தலைக்குள் ஓடியது. அவர்களுக்கு ஒரு நாள் என்பது முதல் நாள் பொழுது பட்டதும் தொடங்கிவிடும், ஆகையால் முதல் நாள் இருட்டும்வரை நிற்பதாக ஏஜென்சிக்குச் சொல்லிவிட்டுப் போனேன்.

மாரியில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அன்ரி ஹோலில் டீவிக்கு முன்னால் தூங்கிக்கொண்டிருந்தார். குசினிக்குள் போய், சத்தமில்லாமல் பீங்கானை வைத்து, மெழுகை வைத்து, ஏற்றினேன். எங்கள் முறைப்படி கையைக் கூப்பினேன். அவர்கள் முறை எனக்குத் தெரியாது. அந்தப் பையனின் பெயரை மெல்லமாகச் சொன்னேன். திரும்பினேன்.

அன்ரி நின்றார். கோட்டைப் போட்டு, கம்பளித் தொப்பியும் போட்டு, தம்பியைக் கூட்டிவரப் போக ஆயத்தமாக நின்றார். கண் விளக்கில் இருந்தது. அந்த விளக்கு எதற்கென்பது அவருக்கு மறக்கவில்லை. முகம் வெளுத்துப்போனது.

"ஆர் செத்தது?" என்றார். நல்ல தெளிவான ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் விளக்கை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லு. ஆர்? ஆருக்கு அது?" வாசல் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அவராகவே கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது.

"என்ர தம்பிக்கு, அன்ரி" என்றேன். "என்ர தம்பி செத்துப் போனான்."

சொல்லி முடிந்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அம்மா கோயிலில் கத்தியதற்குப் பிறகு, அவ்வளவு வருடமும், அந்த வசனத்தை நான் மனதுக்குள்கூடச் சொன்னதில்லை. குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன்.

அன்ரி மெல்ல வந்தார். கதிரையில் இருக்கவில்லை. நான் துணி மடிக்கும்போது இருக்கும் சின்ன ஸ்ரூலைக் காலால் இழுத்து, வோக்கரில் பாரத்தைப் போட்டு, அதில் இருந்தார். விழுந்துவிடுவார் என்று நான் எழும்பப் பார்த்தேன், தோளைப் பிடித்து அமத்தினார். துக்க வீட்டில் அவர்கள் நிலத்தோடு பதிந்த ஆசனத்தில்தான் இருப்பார்கள் என்று முன்பு ஒருநாள் சொல்லியிருந்தார். துக்கக்காரர் பேசும்வரை துக்கம் கேட்கப் போனவர்கள் பேசக்கூடாது என்றும். பால் எது இறைச்சி எது என்பதை மறந்தவர், மகனின் பெயரை மறந்தவர், அதை மறக்கவில்லை. பேசாமல் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் என் தம்பிக்காக அன்றைக்குத்தான் அழுதேன். காணாமல் போனவனுக்கு அழுகிற அழுகை வேறு, அதை நாங்கள் நிறைய அழுதிருக்கிறோம். இது செத்தவனுக்கு அழுகிற அழுகை.

எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு அவர் கோட்டுப் பொக்கற்றுக்குள் கையை விட்டு, பேப்பர் துவாயில் சுற்றிய ஒரு துண்டுப் பாணை எடுத்தார்.

"சாப்பிடு. துக்க வீட்டில சமைக்கிறதில்லை. மற்ற ஆக்கள்தான் குடுக்கவேணும்."

"இது ஆருக்கு வைச்சிருந்தனீங்கள், அன்ரி?"

"என்ர தம்பிக்கு. அவனுக்கு நாளைக்குக் கொண்டு போவன்." கையால் என் கன்னத்தைத் துடைத்தார். "அவன் பாத்துக்கொண்டிருப்பான். பரவாயில்லை. நீ சாப்பிடு."

நான் சாப்பிட்டேன். அன்றைக்கு அவர் தம்பியைக் கூட்டிவரப் போகவேண்டும் என்று கேட்கவில்லை. இரவில் பார்க்க ஏஜென்சி அனுப்பும் பெண் வந்து நான் புறப்படும்போது, கோட்டோடேயே கதிரையில் நித்திரையாகியிருந்தார். அதற்கடுத்த மாரிக்கு அவர் உயிரோடு இருக்கவில்லை. இப்போது அந்த நாளில் நான் ஏற்றுகிறேன், என் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

அப்படிச் சொல்லி அழுத அன்று இரவு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் ஒன்றையும் தொடவில்லை. நேரே குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீரை வார்த்தேன். சாவுச் செய்தி கேட்டால் முழுகத்தானே வேண்டும். வெளியே வந்தபோது அம்மா ஹோலில் நின்றார். என் ஈரத் தலையைப் பார்த்தார்.

"என்ன, இந்தக் குளிருக்குள்ள முழுகியிருக்கிறாய்? ஆரும் செத்ததோ?"

"ஓம் அம்மா."

"ஆர்?" என்றார். குரல் மாறியிருந்தது. கை கதிரையைத் தேடியது.

"வேலை செய்யிற வீட்டில. அந்த அன்ரியின்ர தம்பி. சின்ன வயசில பிரிஞ்சவையாம்."

அம்மா மூச்சு விட்டார். துவாயை எடுத்து வந்து, நான் சின்னப் பிள்ளை மாதிரி, என் தலையைத் துவட்டத் தொடங்கினார்.

"பாவம், மனிசி" என்றார் பிறகு. "எண்டாலும் அவவுக்கு ஒரு செய்தி எண்டு வந்து சேந்திட்டுது."